மலர் அக்கா மிதந்தார்

ஞாயிறு, இரவு.

நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பிய நாங்கள் மூன்று பெண்கள் கீரிமலைக் கேணியில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறோம். மகனைக் கடலில் பறிகொடுத்த மலர் அக்கா, மகள் நிலாவை மட்டும் அனுப்பவே மாட்டேன் என்றிருந்தார். இன்று அவளோடு வந்து நின்றார்.

"பிள்ளையை இறக்கட்டோ அக்கா?"

"பொறும். முதல் எனக்குப் பழக்கும். பிறகு அவளை நான் பாத்துக்கொள்ளுவன்."

போட்டிருந்த சட்டையோடே இறங்கினார். என் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசியில் கையை விட்டு மல்லாந்து மிதந்தார்.

"அம்மா மிதக்கிறா!" என்று நிலா கத்தினாள். படியில் இருந்த பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "நீயும் வா பிள்ளை" என்றார்.

நிலா என் மேலேயே குதித்தாள். மூக்கில் ஏறிய தண்ணீர் இன்னும் எரிகிறது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.