ஒரு பிடி பழைய மாவு

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். அப்பாவும் நீங்களும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோமா என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அக்கா எழுதுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு இப்போது நேரமில்லை. நம் ரொட்டிக்கடையில் அவ்வளவு கூட்டம். காரணம் பொடிக்காரர். மாவு சீக்கிரம் உப்புவதற்கு ஏதோ ஒரு வெள்ளைப் பொடி விற்க வந்தவர். முதலில் வாசலில் நின்று பேசினார். மழை தூறியதும் உள்ளே வந்தார். அடுத்த முறை அக்காவே முக்காலி எடுத்துப் போட்டாள். இப்போது அந்த முக்காலி மாவு பிசைகிற மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்தால் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. என்னைக்கூட "வாங்க மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லையா, சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அந்தப் பொடியைப் போட்டால் மாவு பொங்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டும், அண்ணா. மூடிய ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. ரொட்டி தலையணை மாதிரி இருக்கிறது. எதிர்க்கடை தையல்காரம்மா ஒன்று வாங்கிப்போய், போன வேகத்தில் திரும்பி வந்து, "ஏண்டி, ரொட்டி குடுத்தியா, பலூன் குடுத்தியா? கடிச்சா காத்துதான் வருது" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பொடிக்காரர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். "கடிக்கறதுக்கு அம்மாவுக்கு இன்னும் பல்லு இருக்கறதே பெரிய விஷயம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். தையல்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விளையாட்டுக்குச் சொல்லலம்மா. எங்க வீட்டுப் பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு தின்னுட்டு, மறுபடி பசிக்குதுன்னு அழுவுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் பசிக்கிறது, அண்ணா. வயிறு முட்டத் தின்றுவிட்டும் பசிக்கிறது.

தாய்மாவு ஜாடியை அவர் இன்னும் தொடவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி. அன்றன்றைய மாவில் ஒரு பிடியை அந்த ஜாடியில் எடுத்து வைத்து, அடுத்த நாள் மாவை அதைக்கொண்டு புளிக்க வைக்க வேண்டும், அதில் வேறு எதுவும் சேரக்கூடாது என்று போகும்போது சொன்னீர்கள். முதல் பிடி அப்பா கையால் பிசைந்தது, அது கெடாமல் வரும்வரைக்கும் இது அப்பாவின் கடைதான் என்றீர்கள். நேற்றுப் பொடிக்காரர், "தினம் தினம் மாவுல போடறது வீண் வேலை. ஜாடியிலேயே ஒரு கரண்டி போட்டுட்டா ஒரே தடவையில முடிஞ்சுது" என்றார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்தான், வேண்டாம் அக்கா என்றேன். "நீ பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் வாய்க்குள்ளயே பேசுவே. அதான் படிப்பு பாதியில நின்னு போச்சு" என்றாள். அக்கா இப்படிப் பேசுகிறவளா, நீங்களே சொல்லுங்கள்.

ஜாடியை எடுத்து எங்காவது ஒளித்து வைத்துவிடட்டுமா? உடனே பதில் போடுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை.

*

அன்புள்ள அண்ணனுக்கு,

தபால்காரர் உங்கள் பதிலைக் கொடுத்தார். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. பொடிக்காரர் கை நீட்டியபோது, "இது பாப்பாவுக்கு வந்தது" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜாடியை ஒளிக்காதே, அவள் கையில் கொடுத்ததை அவள்தான் காக்க வேண்டும், நீ சொல்வதை மட்டும் நிறுத்தாதே, சத்தமாகச் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். அக்கா ஜாடிப் பக்கம் போகும்போதெல்லாம், வேண்டாம் அக்கா என்றேன். முதலில் முறைத்தாள். பிறகு ரேடியோவைப் போட்டுவிட்டாள். அது பாடிக்கொண்டே இருக்கிறது. நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆனாலும் நடந்துவிட்டது, அண்ணா. பொடிக்காரர் தன் கையால் போடவில்லை. "உங்க கடை, உங்க ஜாடி. நான் கை வெக்கறது முறையில்ல" என்று கரண்டியை அக்காவிடமே நீட்டினார். அக்கா தெருவை ஒருமுறை பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. போட்டுக் கலக்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஜாடி எப்போதும்போல இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் முக்காலியில் உட்காரவில்லை. உங்கள் அறைக்குக் குடிவந்துவிட்டார். ஆணியில் மாட்டியிருந்த உங்கள் மேலங்கியை எடுத்துத் தட்டு துடைத்தார். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் துவைத்துத் திரும்ப மாட்டினேன். மறுபடியும் எடுத்துவிட்டார். கடைச்சாவி இப்போது அவர் பையில் இருக்கிறது. அக்கா கடையைத் திறக்க வேண்டுமென்றால் அவர் எழுந்து வரும்வரை படியில் நிற்க வேண்டும்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்கிறார். அங்கே அப்பாவோடு சேர்ந்து எங்களுக்கு வீடு தயார் செய்கிறீர்கள், முடிந்ததும் வந்து கூட்டிப்போவீர்கள் என்று நான் சொன்னேன். "எந்த ஊர்ல மேடம் இவ்வளவு காலமா ஒரு வீடு கட்டறாங்க? கடுதாசி வரும், ஆளு வரமாட்டாரு" என்றார். அக்கா அப்போது தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவள் விளையாட்டுக்கு அடுப்புக்குள் தலையை விட்டாளே. பழுக்கக் காய்ந்த அதன் இரும்புக் கதவு மேலிருந்து இறங்கியபோது, அவள் வெளியே வரும்வரை நீங்கள் வெறுங்கையால் தாங்கிப் பிடித்தீர்களே. அதைத்தான்.

பயமாக இருக்கிறது, அண்ணா. இதற்கு மேல் எழுத வரவில்லை. தபால்காரரிடம் அப்படியே சொன்னேன். "எழுத வராததையும் சேத்துச் சொல்லிடறேன் பாப்பா, நீ ஒட்டிக் குடு" என்றார். சொன்னாரா?

தங்கை.

*

அண்ணா,

அவசரம். நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலையில் மாவு நாறியது. சுட்ட ரொட்டியைக் கத்தியால் வெட்டினால் உள்ளே சாம்பல் நிறத்தில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கியவர்கள் திரும்பி வந்து மேசைமேல் வீசிவிட்டுப் போனார்கள். தையல்காரம்மா வீசவில்லை. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார். ரொட்டிக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவளே தொட்டியோடு எல்லா மாவையும் இழுத்துப்போய்க் கொட்டினாள். கொதிக்கிற தண்ணீரும் உப்பும் போட்டு மேசையைத் தேய்த்தாள். நான் சந்தோஷத்தில் வாய்விட்டுப் பாடினேன் என்றால் நம்புவீர்களா? ஆனால் பொடிக்காரர் கோபப்படவே இல்லை. அக்கா ஜாடியைத் தூக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "கொட்டு, நல்லாக் கொட்டு. ஆனா நாளைக்கு எதை வெச்சு ஆரம்பிப்பே? ஒரு பிடி எடுத்து வெச்சுக்கோ. ஒரு பிடி என்ன செஞ்சிடும்?" என்றார். மாவு பிசைகிறவர்கள் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தாய்மாவை அடியோடு கொட்டுகிறவர்கள் உண்டா? அக்கா ஒரு பிடியை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்தேன். சொன்னேன். "ஒரு பிடிதானே" என்றாள்.

இன்று காலை அந்த ஒரு பிடி மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரெல்லாம் வழிந்திருந்தது. அதை வைத்துப் பிசைந்த தொட்டி முழுவதும் நேற்றை விட மோசம்.

அப்போதுதான் அண்ணா அவர் பேச்சு மாறியது. பொடி போடும்போது, "இதுல என்ன தப்பு இருக்கு?" என்று சொன்ன அதே வாய். அக்காவின் முகத்துக்கு நேராக, "எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கே தெரியுமா? உங்கப்பா கை மாவையே கெடுத்துட்டே. இனிமே உங்கண்ணன் உன் மூஞ்சியில முழிப்பாரா? உன்னை வெச்சுக்க என்னைத் தவிர ஆளே கிடையாது" என்றார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கடைக்கு அவர் பெயரில் பலகை மாட்டப் போகிறாராம். சரி என்று அக்கா வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். பலகையை எடுத்துவரக் கிளம்பினார். சாவி தன் பையில் இருக்கிறது என்ற தைரியம்.

நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய்க்குள் பேசவில்லை, அண்ணா. ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "அண்ணன் கையில அந்தத் தழும்பு போயிருக்குமா அக்கா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப தினமும் கையைக் கழுவும்போது உன் ஞாபகம் வருமா, வராதா?" என்றேன். அவள் அழுத அழுகை எனக்கு எழுதத் தெரியாது.

பிறகு எழுந்தாள். தொட்டி மாவை அடுப்புக்குள்ளேயே தள்ளினாள். மூட்டைகளை நகர்த்தி, சுவரில் ஒட்டியதைச் சுரண்டி, கிண்ணத்தை வழித்து, நகக்கண்ணில் இருந்ததைக்கூட ஊசியால் எடுத்து நெருப்பில் போட்டாள். ஜாடியைக் கொதிநீரில் முக்கி எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். அந்தப் பொடி டப்பாவும் நெருப்புக்குப் போனது. கடைசியில் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்குச் சாவி கிடையாது. உள்ளே இருந்துதான் திறக்க முடியும்.

இப்போது அவர் வெளியே நிற்கிறார். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தட்டுகிறார். முதலில், "என்ன விளையாட்டு இது, திறங்க" என்று சிரித்தார். பிறகு மிரட்டினார். இப்போது கெஞ்சுகிறார். அதுதான் மற்ற இரண்டையும் விடக் கஷ்டமாக இருக்கிறது. அக்கா முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நிற்கிறாள். "ஜாடி காலியா இருக்குடி. நாளைக்கு என்ன பண்ணுவோம்? ஒண்ணுமே இல்லையேடி" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கதவுக்கு வெளியே அவர் சொல்வதும் அதேதான். காலி ஜாடியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஒருத்தியால் நிற்க முடியும்? அண்ணன் கொண்டுவருவார் என்று மட்டும் சொல்கிறேன். அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்சன்னலில் தபால்காரர் காத்திருக்கிறார். அவர் அவசரப்படுத்தவில்லை. நான்தான் அவசரப்படுகிறேன்.

வீடு முடியாவிட்டால் பரவாயில்லை, அண்ணா. அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். அப்பா கையால் ஒரு பிடி மாவு போதும். ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். கதவை நீங்கள் தட்டினால் அக்காவுக்குத் தெரியும். தட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள், குரலைக் கேட்டதும் திறந்துவிடுவாள்.

நீயும் ஒரு வரி எழுது என்று அக்காவிடம் தாளை நீட்டினேன். எந்த முகத்தோடு எழுதுவது என்றாள். பிறகு கதவிலிருந்து முதுகை எடுக்காமலே, நான் மூட்டையிலிருந்து அள்ளி நீட்டிய புது மாவில் ஈரக்கையை அழுத்தி, தாளின்மேல் வைத்தாள். கீழே வெள்ளையாக இருப்பது அதுதான். உங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள், அண்ணா. அக்காவின் கை இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது.

கதவுக்கு உள்பக்கம் நிற்கும்,
உங்கள் தங்கைகள்.