எத்தனை தடவை நனைக்கும்?

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தை வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

தூக்கியெறிகிற டயப்பர் குப்பையாய்க் குவியும், துணியே போதும் என்றாயே, சரிதான். எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் கிழிந்த பருத்தி விரிப்புகளைக் கழித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டு நான்கு வாங்கி, வாசனைத் திரவம் சேர்க்காமல் அலசி, சதுரமாக வெட்டினேன். ஒன்றை மடித்துத் தலையணைக்குக் கட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தலையணை தொப்பலாகிவிட்டது! பச்சைக்குழந்தை ஒரு தடவைக்கு எவ்வளவுதான் போகும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

சமையல்கார அண்ணனுக்கு ஊரில் மூன்று பிள்ளைகள். அவரிடமே கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? மூணும் பொறந்தப்ப நான் இங்கதானே இருந்தேன்."



நாற்பது துணி பார்சலில் வருகிறது. போதாவிட்டால் சொல். பிள்ளை பிறந்ததும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை நனைக்கிறது என்று எண்ணி எழுது. யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான்.

உன்னவன்