ஒருத்தி மட்டும் பார்த்த ஸ்டேட்டஸ்

மே 12, திங்கள்

இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. எங்கள் ஊர் இளம்பிள்ளையின் தறிகள் அத்தனையின் மேலும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். என் மனைவி மாரக்காளுக்கு ஒரு சாம்ராஜ்யம் இருக்கிறது. பெயர், ‘மாரக்காள் சேலை உலகம்’. வாட்ஸப் குரூப்தான். உலகத்துப் பெண்களில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள்; மீதிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். காலையில் அவள் ஒரு சேலையைப் படம் எடுத்துப் போட்டால், மத்தியானம் கொரியர்காரன் லாரியோடு வருகிறான்.

தெருப்பிள்ளைகள் எனக்கு ‘அளப்பு மாமா’ என்று பெயர் வைத்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மே 14, புதன்

சாம்ராஜ்யத்தில் கலகம்.

வெளி வியாபாரியிடம் எடுத்த சந்தனக் கலர் சேலை, அரக்கு பார்டர். அதைக் குரூப்பில் போட்டாள் மாரக்காள். அடுத்த தெரு குப்பாயி குரூப்பிலேயே எழுதிவிட்டாள்: “ஏம்புள்ள, போனவாட்டி இதத் தண்ணியில போட்டதும் பார்டர் சாயம் பூராம் சேலைல எறங்கிருச்சே. மறுக்காவும் இதையே விக்கற?”

குப்பாயியும் இவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். இதே பேச்சை எங்கள் வாசலில் நின்று சொல்லியிருந்தால், “போடி, உனக்குத் தொவைக்கத் தெரியல” என்றிருப்பாள் மாரக்காள். இருவரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பில் மேட்டூர் அணையில் ஓரடி தண்ணீர் ஏறியிருக்கும்.

ஆனால் எழுத்துக்குச் சிரிப்பு ஏது? படித்தது ஊர் முழுக்க.

குப்பாயியைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டாள். “அத்தன பேரு முன்னால என் மானத்த வாங்கிப்போட்டாளே!” என்று அழுதாள். சமையலறை மூழ்கியது. நான் கட்டிலைத் தோணியாக்கி வாசல் வந்து சேர்ந்தேன்.

மே 15, வியாழன்

நாள் முழுக்க ஆறுதல். இதயம், பூ, கும்பிடு. “பொறாமைக்கா, விடுங்க” என்று முகம் தெரியாத பல பேர். தம்மம்பட்டி நிலாவும் ஒரு இதயம் போட்டிருந்தாள்.

இந்த நிலாவை மாரக்காள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் குரல் அனுப்பிப் பேசிக்கொள்கிறார்கள். முதலில் கேலி செய்தேன். போன மழைக்காலத்தில் மாரக்காள் காய்ச்சலில் கிடந்தபோது, வேளாவேளைக்கு “கஞ்சி குடிச்சீங்களாக்கா?” என்று கேட்டவள் அவள். கஞ்சியைக் கொண்டுவந்து வாயில் ஊற்றியவள் குப்பாயி. அதிலிருந்து இருவரையும் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

மே 19, திங்கள்

சமாதானத் தூதுவனாக அவதரித்தேன். மாரக்காள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்து, குப்பாயியை மறுபடி குரூப்பில் சேர்த்தேன். தலை துவட்டிக்கொண்டு வந்தவள் பார்த்தது: ‘குப்பாயி வெளியேறினார்.’

“ஏனுங்க, உங்களுக்கு ஏனுங்க இந்த வேல? நானே கெஞ்சிக் கூப்பிட்ட மாதிரியும், அவ ஒதறிட்டுப் போன மாதிரியும் ஆயிப்போச்சே!”

இன்றைய ரசத்தில் கொல்லிமலை மிளகு அத்தனையும் இருந்தது.

மே 25, ஞாயிறு

வருஷா வருஷம் திருச்செங்கோட்டுத் தேருக்கு மாரக்காளும் குப்பாயியும் ஒரே மாதிரிச் சேலை கட்டிப் போவார்கள். கடைச் சேலை இல்லை. எங்கள் தறியில், ஒரே பாவில், அடுத்தடுத்து ஓட்டி இறக்கிய ஜோடி. ஒட்டியிருக்கும் இரண்டையும் வெட்டித் துண்டாக்கும் வேலை எப்போதும் குப்பாயிக்கு. மாரக்காளுக்குக் கத்திரி கோணலாக ஓடும்.

இந்த வருஷத்து ஜோடி கத்தரிப்பூக் கலரில் பீரோவில் கிடக்கிறது. இன்னும் வெட்டவில்லை.

மே 28, புதன்

இப்போது மாரக்காள் தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறாள். போட்டுவிட்டு யார் பார்த்தார்கள் என்று பார்க்கிறாள். முதல் ஆள் குப்பாயி.

“பாத்துட்டா. ஒரு வார்த்த சொன்னாளா பாருங்க!”

“நீ சொன்னியா?”

முறைத்தாள்.

பால் வாங்கப் போனால் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள். முன்பு சண்டை என்றால் முகம் பார்க்க மாட்டார்கள், ரெண்டு நாளில் அதுவே தாங்காமல் ஓடிவருவார்கள். இப்போது நாள் முழுக்கப் போனில் பார்த்துக்கொள்கிறார்களே — அதனால்தான் ஓடிவரத் தோன்றவில்லையோ?

ஜூன் 2, திங்கள்

நிலாவின் குரல் வந்தது. நானும் கேட்டேன். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் வாங்குன அரக்கு பார்டரும் சாயம் போயிடுச்சு. அன்னிக்கு எல்லாரும் ஹார்ட் போட்டாங்க, நானும் போட்டுட்டேன். உங்க மனசு நோகக் கூடாதேன்னு. அதுலருந்து மனசு கெடந்து உறுத்துது.”

மாரக்காள் எழுந்து போய் அதே அரக்கு பார்டர் சேலை ஒன்றை வாளியில் முக்கினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அத்தன பேர்ல ஒருத்திதாங்க சொன்னா. அவளப் போயி வெளிய தள்ளிட்டேன்.”



வாளியைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். ‘குப்பாயி சொன்னது நெசம். எடுத்தவங்க திருப்பி அனுப்பிருங்க.’ உலகமே படித்தது. குப்பாயி மட்டும் படிக்கவில்லை. அவள்தான் அங்கே இல்லையே.

ஜூன் 4, புதன்

மாரக்காள் என்னவோ ஸ்டேட்டஸ் போட்டாள். என் போனில் வரவில்லை. கட்டிய புருஷனுக்கே மறைப்பா! எட்டிப் பார்த்தேன். கத்தரிப்பூ ஜோடி, வெட்டாமல், நீளமாக விரித்து எடுத்த படம். ஒரு வார்த்தை இல்லை. அந்தப் படம் ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள்.

‘பார்த்தவர்: 1.’

ஜூன் 5, வியாழன்

விடிந்தும் விடியாமல் வாசலில் குப்பாயி. கையில் கத்திரி.

“ஏம்புள்ள, நீயே கோணலா வெட்டித் தொலச்சுப்போடுவியோன்னு ஓடியாறேன்.”

மாரக்காள் பீரோவிலிருந்து ஜோடியை எடுத்து வந்தாள். சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டி முடித்த பிறகுதான், “குரூப்புல சேத்தட்டுமா?” என்றாள்.

“வேண்டாஞ் சாமி. அங்க நான் வாயத் தொறந்தா சண்டையாவுது. இனி எதப் போடறதுன்னாலும் மொதல்ல ஒரு சேலைய என் ஊட்டுக்குக் குடுத்துடு. நனைச்சுப் பாத்துச் சொல்றேன்.”

“தொவைக்கத் தெரியாதவகிட்டயா?”

சிரித்தார்கள்.

நான் ஆணையிட்ட தறிகள் மன்னிக்கட்டும். உலகத்துப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் குரூப்பில் இல்லை. சமையலறை மூழ்கவில்லை. மேட்டூரில் இன்றைக்கும் தண்ணீர் ஏறியிருக்காது. ஒன்றே ஒன்று நிஜம். அந்த ஸ்டேட்டஸை ஒருத்திதான் பார்த்தாள்.