சராசரிக்குள் இரண்டு கூட்டம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் நன்றி என்று வாயெடுத்தாலே, "அத விடு, போன வாரக் கணக்கு என்னாச்சு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது.

முதலில் செய்தி. என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். நேற்றுதான் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "சராசரிதான் நல்லாக் குறைஞ்சிருக்கே, அதோட நிறுத்தியிருக்கலாமேம்மா?" என்று கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை என் வார்த்தையில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தார். எங்கள் அண்ணி என்றேன். எந்தக் கல்லூரி என்று கேட்காமல், "குடுத்து வச்சவங்க நீங்க" என்று மட்டும் சொன்னார்.

எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பொது நிர்வாகம் படிக்கச் சேர்ந்தபோது, அதில் புள்ளியியல் ஒளிந்திருப்பது எனக்குத் தெரியாது. முதல் தேர்வில் கோட்டை விட்டேன். படிப்பை நிறுத்திவிடலாம் என்று சமையலறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றபோது அம்மாதான், "உங்கண்ணி அங்க அதத்தானே பாடம் எடுக்குறா? அவளக் கேளேன்" என்றார்கள்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. அண்ணன் தவறிப்போன பிறகு நீங்கள் வேலை தேடி அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். நம் பேச்சு, சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்று சுருங்கிவிட்டது. அதைத் தாண்டிப் பேசினால் அண்ணனிடம் போய் நிற்கும் என்று மூன்று பேருக்கும் பயம். எதைச் சாக்கிட்டுக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்தவளுக்குப் புள்ளியியல் ஒரு சாக்காகக் கிடைத்தது.

போனில் நடந்த வகுப்பில் நீங்கள் அண்ணி இல்லை, கறார் பேர்வழி. எங்கள் நகர அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் போனிலேயே டோக்கன் எடுக்கும் முறை வந்த பிறகு, காத்திருக்கும் நேரம் குறைந்ததா என்பதுதான் என் ஆய்வு. எனக்கு ஒழிந்த காலை வேளையில் மட்டும் வரிசையில் நின்றவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, பெருமையாகச் சொன்னேன். "உனக்கு வசதியான நேரத்துல வர்றவங்க மட்டுந்தான் ஊரா?" என்றீர்கள். சுருக்கென்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எந்த நாள், எந்த வேளை என்று சீட்டுக் குலுக்கி எடுத்தேன். சாப்பாட்டு வேளையில் வந்தவர்களும் கிடைத்தார்கள், அலுவலகம் மூடும்போது மூச்சிரைக்க வந்தவர்களும் கிடைத்தார்கள்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற திட்ட விலக்கக் கணக்கை நடத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அதென்னடி விலக்கம்? யாரு யார விட்டு விலகுனது?" என்று கேட்டதும் நீங்கள் சிரித்தீர்கள். அடக்க முடியாமல் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பைக் கேட்டு அத்தனை காலம் ஆகியிருந்தது. அம்மா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தார்கள்.

பிறகு அந்தப் படம். சராசரி குறைந்துவிட்டது என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, "எத்தன பேரு எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு முதல்ல படம் வரஞ்சு அனுப்பு" என்றீர்கள். வரைந்தால், நடுவில் ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம். இரண்டு பக்கமும் இரண்டு மேடு. நான் தப்பாக வரைந்துவிட்டதாக நினைத்தேன். "தப்பில்ல. இது ஒரு கூட்டமே இல்ல, ரெண்டு கூட்டம். ரெண்டையும் கலந்து சராசரி எடுத்தா, யாருக்கும் பொருந்தாத ஒரு எண்ணுதான் வரும். அந்த ரெண்டாவது கூட்டம் யாருன்னு போய்ப் பாரு" என்றீர்கள்.

போய்ப் பார்த்தேன். போனில் டோக்கன் எடுத்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். அது தெரியாதவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், முன்பைவிட அதிக நேரம் சுவரோரம் நின்றார்கள். ஒரு அம்மாவிடம் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "தெரியலம்மா, கூப்பிடுவாங்க" என்றார். டோக்கன் எடுத்தவர்கள் தீரும்வரை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த டோக்கன் முறையைக் கொண்டுவந்ததே எங்கள் மேலதிகாரிதான். ஆய்வுக்கு அனுமதி தந்தவரும் அவரே. அவர் மேசையில் இதை எப்படி வைப்பது? பதவி உயர்வு நேரத்தில் வம்பு எதற்கு, சராசரியை மட்டும் எழுதிவிட்டுப் போ என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். நீங்கள்தான், "அவங்க செஞ்ச நல்லத முதல்ல சொல்லு. அது உண்மை. அப்புறம் மிச்ச உண்மையையும் சொல்லு. ரெண்டும் அவங்களுக்குத்தான் வேணும்" என்றீர்கள்.

அப்படியே சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாவது மேட்டின் மேல் விரலை வைத்து, "இவங்கல்லாம் யாரு?" என்றார். சொன்னேன். "எங்கப்பாவும் இங்கதான் நிப்பாரு" என்றார், தனக்குள் பேசுகிறமாதிரி. அடுத்த வாரமே ஒரு கவுண்டர் டோக்கன் இல்லாமல் நேரில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பக்கத்தில் இரண்டு பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். பதவி உயர்வு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் எனக்குத் தூக்கம் வருகிறது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நேற்று தேர்வு முடிந்து வந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்கள். போன மாதம் ஒருநாள் நான் இல்லாதபோது உங்களைக் கூப்பிட்டார்களாம். ஓர் ஆண்குரல் எடுத்து, "அவங்க வெளிய போயிருக்காங்கம்மா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றதாம். நீங்கள் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நாங்கள் என்ன நினைப்போமோ என்று நீங்கள் எத்தனை நாள் தவித்தீர்களோ.

அம்மா அழவில்லை, அண்ணி. "நல்ல குரலா இருந்துச்சுடி. மரியாதையாப் பேசினாரு. எனக்கு முழங்கால் எப்படியிருக்குன்னு கூடக் கேட்டாரு. அவ சொல்லித்தானே தெரிஞ்சிருக்கும்?" என்றார்கள். அப்புறம் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ எம் மருமகளா வந்தா. எனக்கு மகளாவே இருக்கட்டும். லீவுக்கு வரச் சொல்லு. தனியா வர வேண்டாம்னு சொல்லு."

உங்கள் அறையை நான் கூட்டித் துடைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுதுங்கள். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்