ஒன்பதாம் தொகுதி உண்ணிகள்

சங்குப்பாறைத் தீவு ஆய்வு நிலையம்
பதிவு: டாக்டர் இசக்கியம்மாள், கால்நடை ஒட்டுண்ணியியல்

மார்ச் 4, 2041 – காலை 7.30

வெப்பம் 29. ஈரப்பதம் 81. சூரிய மின்பலகைகள் சரி. கரையுடன் வானொலித் தொடர்பு சரி. நிலையத்தில் மனிதர்கள் இருவர், நாய்கள் ஆறு, முயல்கள் பதினொன்று, உண்ணிகள் நாலாயிரத்துச் சொச்சம். பெரும்பான்மை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பின் பொறுப்பேற்க வருகிறவருக்கு ஒரு குறிப்பு. நாய் உண்ணியின் உடம்பில் காய்ச்சல் பாக்டீரியா குடியிருக்கிறது. நாய்க்கும் மனிதருக்கும் அதனால் காய்ச்சல் வருகிறது. உண்ணிக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அதன் இரத்த அணுக்கள் பாக்டீரியாவை விழுங்கும், சிறு புரதங்கள் ஓட்டை போட்டுக் கொல்லும், ஆனால் அடியோடு அழிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும். எங்கள் கோவில்பட்டி வீட்டுக்காரர் இப்படித்தான். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லமாட்டார், விருந்தாளி என்று ஒருவர் கூடுதலாக வந்து தங்கவும் விடமாட்டார்.

இந்த எதிர்ப்பு எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க, பாக்டீரியாவே இல்லாத சுத்தமான உண்ணி வேண்டும். அதற்காக டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்து கொடுத்த முயல்களின் மேல் தலைமுறை தலைமுறையாக உண்ணி வளர்த்தோம். ஒன்பதாம் தலைமுறை, அதாவது ஒன்பதாம் தொகுதி, முழுச் சுத்தம். நேற்று அவற்றை டப்பிகளில் அடைத்து நாய்களின் முதுகில் ஒட்டினோம்.

நாய்களைப் பார்த்துக்கொள்பவர் ரொசாரி. எதிர்க்கரையில் இருக்கும் புன்னைக்குடிக்காரர். கூண்டுப் பக்கமிருந்து வாக்கி-டாக்கியில் அவர் சொன்ன காலைச் செய்தி:

“டாக்டரம்மா, கலெக்டரு முதுகுல இருந்த டப்பியப் பிச்சிப் போட்டுட்டான். உங்க உண்ணியெல்லாம் பிக்னிக்குப் போயிட்டு.”

கலெக்டர் என்பது நாய். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் ரொசாரி வைத்த பெயர். இருவரும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். பாதிக்குமேல் கிடைக்கவில்லை. சுத்தமான உண்ணிதானே, போகட்டும்.

மார்ச் 6 – பகல் 2.15

ஒன்பதாம் தொகுதியில் ஒன்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். வழக்கமான வேலை, படம் எடுப்பதற்காக மட்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பி முழுக்கப் பாக்டீரியா. இடமே இல்லை. இன்னும் நாலு உண்ணிகளை அறுத்தேன். நாலும் அப்படியே.

எதிர்ப்புப் புரதங்களை அளந்தேன். பூஜ்யம். உண்ணி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

எங்கே தவறினோம் என்று இப்போது புரிகிறது. பாக்டீரியாவை நேரடியாகத் தேடும் சோதனைக்குச் செலவும் நேரமும் அதிகம். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்ணியின் எதிர்ப்பை மட்டும் அளந்தோம். எதிர்ப்பு இல்லையா, அப்படியானால் பாக்டீரியா இல்லை என்று டிக் அடித்தோம். காவல்காரன் கத்தவில்லை, ஆகவே திருடன் இல்லை. காவல்காரனே கதவைத் திறந்து பாய் விரித்துக் கொடுத்திருக்கிறான். மருந்துக்குத் தப்பி முட்டைக்குள் ஒளிந்திருந்த பாக்டீரியாவை, ஒன்பது தலைமுறையில் உண்ணி தன் உடம்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

கட்டுப்பாடு போனால் உண்ணி செத்துவிடும் என்றுதான் பாடம் சொல்கிறது. இவை கொழுத்திருக்கின்றன. சூட்டுப்பெட்டியில் வைத்தேன், சாகவில்லை. கடல்நீரில் போட்டேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து, அதைத் தீவில் அவிழ்த்தும் விட்டிருக்கிறோம்.

மார்ச் 7 – காலை 8.00

கடல்நீரில் போட்டவை இன்னும் காலை அசைக்கின்றன.

ரொசாரி கூண்டுப் பக்கம் வரவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது. நேற்றே காய்ச்சலாம், சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லையாம். திட்டினேன். அக்குளில் கருகிய புண், உண்ணி கடித்த இடம். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள்.

டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டேன். இந்தக் காய்ச்சலுக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுப்பது அதைத்தான். இந்தப் பாக்டீரியா ஒன்பது தலைமுறையாகக் குடித்து வளர்ந்ததும் அதைத்தான்.

பயந்திருக்கிறேன்.

மார்ச் 9 – காலை 11.20

மருந்து வேலை செய்யவில்லை. இனி குளோராம்பெனிகால் ஊசி வேண்டும். நிலையத்தில் இல்லை. ரொசாரியைக் கரைக்கு ஏற்றவும் எனக்குத் துணிவு இல்லை. அவர் தலையை மழித்து, உடம்பு முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். இன்று காலை காதுக்குள் கசகசா அளவில் மூன்று குஞ்சு உண்ணிகள் இருந்தன. அவர் கரையேறும் இடம் புன்னைக்குடி. வீட்டுக்கு இரண்டு நாய் வளர்க்கிற ஊர். அங்கே ஒன்று இறங்கினால் போதும். பிறகு காய்ச்சல் வருகிற எந்தப் பிள்ளைக்கும் கைக்கு எட்டின மருந்து கேட்காது.

மூடிய மருத்துவப் படகும் பூச்சி புகாத உடையும் கேட்டேன். கரைத் தலைமையகத்திலிருந்து இயக்குநரின் பதில்:

“பதற்றப்படாதீர்கள் டாக்டர். உங்கள் கோரிக்கையை மேலே அனுப்பியிருக்கிறோம். திங்கட்கிழமை குழு கூடுகிறது. அதுவரை நிலைமையைக் கண்காணியுங்கள்.”

கண்காணிக்கிறேன். உள்ளங்காலிலும் புள்ளி வந்துவிட்டது. கண்காணித்தாயிற்று.

ரொசாரியின் அண்ணன் மிக்கேலைக் கூப்பிட்டேன். எங்களுக்குச் சாமான் கொண்டுவரும் வள்ளம் அவருடையது.

“ஊசி மருந்த நான் எங்கயாச்சும் அலஞ்சி வாங்கிட்டு வாரேன். ஆனா கரையேறக் கூடாதுன்னா என்ன அர்த்தம் டாக்டரம்மா? கூடப்பொறந்தவன் கெடக்கான். நான் கடல்ல நின்னு வேடிக்க பாக்கவா?”

விளக்கினேன். கெஞ்சினேன். கடைசியில் உங்கள் மகள்மேல் சத்தியம் செய்யுங்கள் என்றேன். செய்தார்.

மார்ச் 10 – மாலை 4.40

மிக்கேல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மருந்தை ஒரு பிளாஸ்டிக் கேனில் அடைத்து நீரோட்டத்தில் விட்டார். இடுப்பளவு தண்ணீரில் போய் எடுத்தேன். தூரத்தில் வள்ளத்தில் நின்றபடி அவர் ரொசாரியிடம் வாக்கி-டாக்கியில் பேசினார்.

“ஏல தம்பி, கேக்குதா? ஊசி வந்துட்டு பாத்துக்க. ஒம் மதினி நண்டுக் கொழம்பு வச்சிருக்கா. எந்திரிச்சி வால சீக்கிரம்.”

“கேக்கு... அண்ணே, கலெக்டருக்குச் சோறு வச்சியா?”

மிக்கேல் அழுதது எனக்குக் கேட்டது. முதல் ஊசி போட்டேன்.

குளிக்கும்போது என் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. எப்போது ஏறியது என்று தெரியாது. நன்றாகக் குடித்து முடித்திருந்தது.

மார்ச் 11 – பிற்பகல் 3.05

ரொசாரி இறந்துவிட்டார். பகல் ஒன்றரை மணி. ஊசி தாமதம்.

உடம்பு ஆற ஆற உண்ணிகள் அவரை விட்டு இறங்குகின்றன. அடுத்த ஆளைத் தேடும். தரையெல்லாம் சுண்ணாம்பு கொட்டினேன். எத்தனையோ செய்தேன். அவர் கண்ணை மூடிவிட மட்டும் மறந்துபோயிருந்தேன். இப்போதுதான் போய் மூடினேன்.

மிக்கேலுக்குச் சொன்னேன். அவர் சொன்னார்:

“நாளைக்குக் காலைல வாரோம். மாதா கோயில் சாமியாரும் வாரார். பெட்டி கொண்டாரோம்.”

வரக்கூடாது என்றேன். ரொசாரி உயிரோடிருந்தபோது எதைச் சொன்னேனோ அதையே சொன்னேன்.

“சத்தியம் அவன் உசுரோட இருக்கும்போது பண்ணினது. இப்ப அவன் மைய்யம், உசுரில்லாத ஒடம்பு. கடல்ல போனவனக்கூட நாலு நாளு வலையப் போட்டுத் தேடி எடுத்துட்டு வந்துதான் அடக்கம் பண்ணுவோம். எந் தம்பிய மணல்ல போட்டுட்டு வரச் சொல்லுதியளா? எங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அவர் சொல்வதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கடலோரக் காவல் படைக்குச் சொல்லி மறிக்கும்படி இயக்குநரைக் கேட்டேன். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறதாம்.

எனக்கும் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மீதி ஊசியை எனக்குப் போட்டுக்கொண்டேன். பிழைக்க ஆசைப்பட்டல்ல. நாளைக்கு எழுந்து நிற்க வேண்டும். இல்லை, பொய் எழுதக்கூடாது. பிழைக்கவும் ஆசைதான்.

மார்ச் 12 – காலை 5.50

முடிவு செய்துவிட்டேன். எடுத்துப் போக உடலும் இருக்கக்கூடாது, ஏறிக்கொள்ள உண்ணியும் இருக்கக்கூடாது. எரித்துவிடுகிறேன். கூண்டு, ஆய்வகம், புல், புதர், எல்லாவற்றையும். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசல் போதும். வானொலி அறையும் அதைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளமும் மட்டும் மிஞ்சும். அங்கிருந்து மிக்கேலிடம், இனி இங்கே ஒன்றும் இல்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்வேன்.

ரொசாரி, மன்னித்துவிடுங்கள். உங்கள் ஆட்கள் புதைப்பார்கள், எரிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஜெபமாலையைக் கையில் சுற்றியிருக்கிறேன். எனக்கு உங்கள் ஜெபம் எதுவும் தெரியாது.

முயல்களுக்கும் நாய்களுக்கும் வலியில்லாமல் உயிர்போக ஊசி போட்டாயிற்று. கலெக்டர் வாலை ஆட்டிக்கொண்டே வந்து தானாகக் காலை நீட்டினான்.

மார்ச் 12 – காலை 9.35

பற்றிக்கொண்டது. கூண்டு போய்விட்டது. ஆய்வகக் கூரை இறங்கிவிட்டது. இத்தனை கரும்புகை வருமென்று நினைக்கவில்லை. நேராக மேலே எழுந்து நிற்கிறது.

காற்று திரும்பிவிட்டது. காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடித்தது, வெயில் ஏறியதும் கடலிலிருந்து அடிக்கிறது. இது தினமும் நடப்பதுதானாம். ரொசாரி ஒருமுறை வலை காயப்போடும்போது சொன்னது இப்போதா நினைவு வர வேண்டும். கரிசல்காட்டில் பிறந்தவளுக்குக் கடல்காற்றின் கணக்கு எங்கே தெரியும்.

தீ வானொலி அறைப் பக்கம் வருகிறது.

காலை 9.50

வானொலி போய்விட்டது. உள்ளே போக முடியவில்லை. முன்கை வெந்துவிட்டது. வாக்கி-டாக்கி எடுத்தேன், இரைச்சல்தான். மேற்கு மணலுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மணி தெரியவில்லை

படகுகள்.

மிக்கேலின் வள்ளம் மட்டும் இல்லை. எண்ண முயன்றேன், தலை சுற்றுகிறது. முப்பதுக்குக் குறையாது. மீன்பிடிக்கப் போனவை எல்லாம் வலையைப் போட்டபடி போட்டுவிட்டுத் தீவைப் பார்த்து மூக்கைத் திருப்பியிருக்கின்றன.

புகை. கடலில் புகை எழுந்தால் ஆபத்தில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பார்த்தவன் போயே ஆகவேண்டும், எதிரியாக இருந்தாலும். எந்த மீனவக் குழந்தைக்கும் தெரியும் இது. மைல் கணக்கில் தெரியும்படி நானே கூப்பிட்டிருக்கிறேன். ஒரு வள்ளத்தைத் தடுக்கப் போய் ஊரையே அழைத்திருக்கிறேன்.

பிறகு

காய்ச்சலுக்குப் போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வையில் கரியால் ‘வராதே’ என்று எழுதி விரித்துப் பிடித்தேன். புகை நடுவில் அவர்களுக்கு வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிந்திருக்கும். முன்னால் வந்த படகில் ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றிப் பதில் காட்டினார். கண்டுகொண்டோம் என்கிறார்.

கையை வீசினேன், போ போ என்று. மூழ்குகிறவளும் இப்படித்தான் வீசுவாள். இன்ஜின் சத்தம் கூடியது.

கத்தினேன். குரல் இல்லை.

ஓடி ஒளியலாமா? ஒளிந்தால் தேடி இறங்குவார்கள். செத்துப் போனால்? எடுத்துப் போக இறங்குவார்கள். எதைச் செய்தாலும் அவர்கள் நல்லவர்கள்.

தீக்குத் தப்பியவை எல்லாம் சூட்டுக்கு முன்னே முன்னே நகர்ந்து இங்கேதான் வந்திருக்கின்றன. ஈர மணலில் தண்ணீர் ஓரம்வரை சிறு சிறு புள்ளிகளாக. அலை வந்து மூடுகிறது, வடிந்ததும் அப்படியே இருக்கின்றன. எல்லாம் கடலைப் பார்த்து முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கின்றன. ஆள் வரும் வாசனை பட்டால் உண்ணி அப்படித்தான் நிற்கும்.

மிதித்தேன். மிதித்தேன். எத்தனையை மிதிப்பேன்.

இதைக் கண்டெடுப்பவரே, மருந்து டாக்சிசைக்ளின் அல்ல. டாக்சிசைக்ளின் அல்ல. குளோராம்பெனிகால், முதல் நாளே. நாய்களைக் கட்டிப்போடுங்கள். வள்ளங்களை நாளெல்லாம் வெயிலில்

வெயிலுக்கும் சாகாது.

முதல் வள்ளம் தரை தட்டிவிட்டது. மிக்கேல் வெறுங்காலோடு தண்ணீரில் குதித்து ஓடி வருகிறார். அழுதுகொண்டே கத்துகிறார்:

“பயப்படாதிய டாக்டரம்மா! நாங்கதான் வந்துட்டோம்ல!”