பஜ்ஜி வாசனை அடித்த மெழுகுவத்தி

அண்ணி,

இன்று சாயங்காலம் விழுப்புரத்தில் நல்ல மழை. அத்தை வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே மாமனார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "நெசமாவே பஜ்ஜிதானா, இல்ல வெளக்கு ஏத்தி வெச்சிருக்கீங்களா?" அத்தை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் எனக்கு மூக்கு ஒழுகும் என்று கேலி செய்வீர்களே, ஒழுகத்தான் செய்தது.

யுத்த காலம் அது. திண்டிவனத்தில் விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கு ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா இவர்கள் என்னைப் பெண் பார்க்க வர வேண்டும்! மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, டூட்டி முடிந்து பொழுது சாயத்தான் வர முடியும் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மாதா கோயில் திருவிழாவில் தேர் வந்த அன்றே இவரை நான் பார்த்திருந்தேன். பிடித்துப்போயிற்று. அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத பெண் வேறு யாரிடம் சொல்வாள்?

"பொண்ண இருட்டுல காட்டினா மூஞ்சில என்னாத்தையோ மறைக்கிறாங்கன்னு நெனச்சிக்குவாங்கடி. வெளிச்சத்துக்கு நான் ஆச்சி," என்றீர்கள்.

மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கெஞ்சி, பீடத்தடியில் வழிந்து கிடந்த மெழுகைச் சுரண்டி வந்தீர்கள். அது ஒரு உருண்டைதான் தேறியது. போதாததற்கு என்ன சேர்ப்பது? ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி போடுகிறவரிடம் போய், சட்டியில் கறுத்து மிஞ்சிய மல்லாட்டை எண்ணெயை வாங்கிவந்தீர்கள். நான் முகத்தைச் சுளித்தேன். "எரியப்போற எண்ணெய்க்கு என்னாடி கௌரவம்?" என்று பழைய வேட்டியில் வடிகட்டினீர்கள்.

எண்ணெய் கலந்த மெழுகு கூழ் மாதிரி தொளதொளவென்று இருந்தது; குச்சியாக நிற்காது. அதனால்தான் கண்ணாடிப் புட்டிகள். தைலப் புட்டி, முகத்துக்குப் பூசும் ஸ்னோ புட்டி எல்லாம் வீட்டில் அலசிக் கவிழ்த்தாயிற்று. வாத்தியாரான அண்ணனின் மைக்கூடுகளையும் நீங்கள் விடவில்லை. அவர் பாவம், கொட்டாங்குச்சியில் மையை வைத்துக்கொண்டு எழுதினார். புட்டிக்கு நடுவில் ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்துத் திரியைத் தொங்கவிட்டுச் சூடாக ஊற்றினோம். முதல் புட்டி படீரென்று விரிசல் விட்டது. "போனா போ சனியனே," என்று அதைத் திட்டிவிட்டு, மற்றவற்றை வெந்நீரில் சூடு பண்ணி ஊற்றினீர்கள். தோட்டத்தில் காற்றோட்டமாக ஏற்றிப் பார்த்தோம். முத்து மாதிரி எரிந்தது. வாசனை எதுவும் நமக்குத் தெரியவில்லை. அதுதான் வினை.

மாமா, அத்தை, இவர் மூவரும் வந்தார்கள். காற்றில் அணைந்துவிடக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் நீங்கள் சாத்தினீர்கள். மாடத்திலும் அலமாரியிலும் புட்டிகள் எரிந்தன. கூடம் அப்படியொரு அழகு. ஆனால் கொஞ்ச நேரத்தில், அண்ணி, வீடு முழுக்க பஜ்ஜி வாசனை!

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவித்த மல்லாட்டையும் காப்பியும் கொண்டுவந்து வைத்தீர்கள். அவர் ஒரு மல்லாட்டையை உரித்து, வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "அவசரமில்ல, சூடா வரட்டும்," என்றார். எது வரட்டும் என்று உங்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. காப்பி ஆறியது. அவர் மூக்கை உறிஞ்சுவதும் அடுப்படியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கடைசியில் அத்தைதான் வெடித்தார்கள். "பஜ்ஜி வாசனை மூக்கத் தொளைக்குது, தட்டுல மல்லாட்டைய வெச்சா என்னா அர்த்தம்? இந்த எடம் வேணாம்னு சொல்லாம சொல்றாங்க. எழுந்திருங்க, ஜல்தி போனா வண்டியப் புடிச்சிடலாம்."

எழுந்தேவிட்டார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். நீங்கள்தான் மாடத்திலிருந்த மைக்கூட்டை எரிய எரிய எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றீர்கள்.

"இருங்க. எங்க வீட்ல கடலமாவும் இல்ல, பஜ்ஜியும் இல்ல. ஒளிச்சி வெச்சிக்கினு தின்ற சாதி நாங்க இல்லீங்க. நீங்க மோந்தது இதத்தான். பஜ்ஜி சுட்ட எண்ணெயில பண்ணது. வேணும்னா மோந்து பாருங்கய்யா."

மாமா குனிந்து மூச்சை இழுத்தார். மீசை பொசுங்கிற்று! இவர் பதறிப்போய்த் துண்டை எடுத்து அப்பா முகத்தில் பட் பட்டென்று அடித்தார். அணைந்த பிறகும் இரண்டு அடி சேர்த்தே விழுந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு யேசுவே, யேசுவே என்றிருந்தேன்.

மாமா மீசையைத் தடவிப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். குழந்தை மாதிரி முகம் தொங்கிப்போய்க் கேட்டார்:

"அப்ப, நெசமாவே பஜ்ஜி இல்லையா?"

அத்தைதான் முதலில் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"கல்யாணத்தன்னிக்கு எங்க அலைஞ்சாவது மாவு வாங்கிப் போட்டுடறேன் மாமா," என்றீர்கள், வாசலை விட்டு நகராமல்.

"அப்ப தேதி எப்ப வெச்சிக்கலாம், சொல்லும்மா," என்றார் மாமா.

தை மாதம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நீங்கள் வாசலில் நின்றீர்கள். பிறகு அடுப்படிக்கு வந்து மைக்கூட்டைக் கீழே வைத்தீர்கள். உங்கள் கையைப் பார்த்துவிட்டு நான் அலறினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். திரி அடிவரைக்கும் இறங்கி, கண்ணாடி அத்தனை கொதி கொதித்திருக்கிறது.

"ஏன் அண்ணி, கீழ வெச்சிருக்கக் கூடாதா?" என்று அழுதேன்.

"வைக்கணும்னா வாசல விட்டு நவரணும். நவந்தா அவங்க போயிடுவாங்களோன்னு பயமா இருந்திச்சிடி. நீ ஆசப்பட்ட புள்ளயாச்சே," என்றீர்கள்.

எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்தது பஜ்ஜிதான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுப்பதில்லை. ஆனால் இவர் டூட்டி முடிந்து வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒவ்வொரு நாளும், அண்ணி, எனக்கு உங்கள் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.