நீங்கள் இறங்காத கிணறு

இன்று காலை சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஈயத்தில் வைத்ததும் புகை மூக்கில் ஏறியது. "இந்த நாத்தத்துல எப்படித்தான் உனக்குச் சோறு எறங்குதோ" என்று கல்யாணமான புதிதில் நீங்கள் முகம் சுளிப்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. நாளெல்லாம் டீசலிலும் கிரீஸிலும் கிடந்த மனிதர் சொல்கிற பேச்சா அது! சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

வாளையார் சாலையில் நம் கடை அப்படியேதான் இருக்கிறது. முன்பக்கம் உங்கள் பம்புசெட் வேலை, பின்பக்கம் என் டிவி ரிப்பேர். வடகரப்பதியில் ஒரு கிணற்றுக்குள் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டி, தங்கிப்போன புகையில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று கேட்டு வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "அந்த வாயு கண்ணுக்கே தெரியாதாமா. தெரியற மாதிரி ஒண்ணு பண்ணு புள்ள" என்றீர்கள். நான் சர்க்யூட் போட்டேன், நீங்கள் தகரப்பெட்டி செய்தீர்கள். சென்சார் கிணற்றுக்குள், முள் காட்டும் மீட்டர் மேலே, நடுவில் நீளமான வயர். மேஜையில் துண்டு வயரை மாட்டி உங்கள் மொபெட் புகையைக் காட்டியதும் முள் துள்ளியது. நீங்கள் கை தட்டினீர்கள்.

முதலில் கொண்டுபோனது எலப்புள்ளியில் உங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு. முந்தின நாள் கிணற்றுக்குள் இன்ஜின் ஓடியிருந்தது. அடியில் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. சென்சாரை இறக்கினோம். முள் அசையவே இல்லை.

"சுத்தமா இருக்குது. நானே எறங்கிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் கால் வைத்துவிட்டீர்கள்.

முந்தின நாள் புகை நின்ற கிணற்றில் முள் இம்மிகூட அசையாதது எனக்குச் சரியாகப் படவில்லை. "ஏனுங்க, ஏறி வாங்க."

"நீ பண்ணுன மீட்டருதான? அதையே நம்ப மாட்டியா?"

"நான் பண்ணுனதுனாலதானுங்க நம்பல."

முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தீர்கள். சென்சாரை மேலே இழுத்து, அந்த நீள வயரோடேயே மொபெட் புகையில் பிடித்தோம். முள் அப்போதும் அசையவில்லை. சர்க்யூட்டில் எல்லா இணைப்பையும் தொட்டுப் பார்த்தேன், குறையில்லை. கடைசியில் மல்டிமீட்டரைச் சென்சார் முனையில் வைத்தேன். இங்கே ஐந்து வோல்ட் போகிறது, அங்கே மூன்றுகூட வரவில்லை. மெல்லிய வயர் வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுவிட்டது. உள்ளே சூடேறினால்தான் அந்தச் சென்சார் வேலை செய்யும்; சூடேறாமல் வாயு எப்படித் தெரியும்?

பேட்டரியைச் சென்சாரோடு சேர்த்துக் கட்டி, சூடேறக் காத்திருந்து, மறுபடி இறக்கினோம். பாதி ஆழம் போகும் முன்பே முள் கடைசிக்கு ஓடி முட்டி நின்றது.

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். சித்தப்பா தண்ணீர்ச் சொம்பை நீட்டியதுகூடத் தெரியவில்லை. ஊதுவிசிறி வைத்துக் காற்றடித்து, முள் இறங்கிய பிறகுதான் தோட்டத்து ஆள் ஒருவர் உள்ளே போய் வால்வைச் சரிசெய்தார்.

மொபெட்டில் உங்கள் பின்னால் உட்கார்ந்து திரும்பினேன். பாதி வழியில் தலையைத் திருப்பாமல் கேட்டீர்கள்: "நான் எறங்கியிருந்தா, அம்மணி?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். உங்கள் சட்டையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். போன ஆனியில், கடையைத் திறந்து செருப்பைக் கழற்றியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். நான் அதற்குள் பின்பக்கம் போயிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, "ஏனுங்க?" என்று கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

இப்போதும் கிணறு இறங்குகிறவர்கள் கூப்பிட்டால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். முள் சரியாக இருந்தாலும் கிணற்று மேட்டை விட்டு நகர்வதில்லை. உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். "இருக்கறனுங்கக்கா!" என்று அடியிலிருந்து குரல் ஏறி வரும். எல்லோரும் பாதுகாப்புக்கென்று நினைக்கிறார்கள். கூப்பிட்டதும் ஒரு மனிதர் பதில் சொல்வதைக் கேட்க எனக்கு வேறு இடமில்லை.